முகங்களை மாற்றிய திரை: அகல மொனிட்டரும் பிரிதிறன் கோளாறும்

ஓகஸ்ட் 30, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், அச்சகத்திலிருந்து வந்த படங்களை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். தன் மகனின் படம் ஒட்டிய அட்டையை அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆரின்ர படம்?"

"உங்கட மகன்ர தானே அம்மா."

"என்ர பொடியனுக்கு இப்பிடி ஒட்டின முகம் இல்லை. கடைசி நாளில பசியில மெலிஞ்சுதான் போனவன். ஆனா இந்தப் படம் எடுக்கேக்க அவன் நல்லா இருந்தவன்."

கையிலிருந்த மற்ற அட்டைகளையும் புரட்டிப் பார்த்தேன். எல்லா முகங்களும் ஒடுங்கியிருந்தன. அச்சகத்தின் பிழையாக இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பிழை அச்சகத்தினுடையது இல்லை, என்னுடையது என்று தெரிந்தது. அந்தப் பிழை எப்படி நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம், எப்படிச் சரிசெய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை. எங்களில் பலரிடம் இன்று வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பாவித்த கணினிகளும் திரைகளும்தான் இருக்கின்றன. அவற்றில்தான் எங்கள் ஆவணங்களையும் படங்களையும் வைத்து வேலை செய்கிறோம். ஆகவே இது எனக்கு மட்டும் நடக்கக்கூடிய ஒன்றல்ல.

பெட்டியில் வந்த திரை

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அங்கு பிடிக்கப்பட்ட படங்கள் பல, வெயிலிலும் மழையிலும் நிறம் போய்விட்டன. சில குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரேயொரு கடவுச்சீட்டு அளவுப் படம். அவற்றை ஸ்கேன் செய்து பாதுகாத்து, புதிய பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலையை நாங்கள் சிலர் செய்துவந்தோம். என் பங்கு, ஸ்கேன் செய்த படங்களைச் சுத்தப்படுத்தி அச்சுக்குக் கொடுப்பது.

என் மடிக்கணினி பழையது. அதன் திரை 15 அங்குலம்தான். கண் வலிக்கிறது என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, லண்டனில் இருக்கும் மாமா தான் பாவித்த 34 அங்குல அகல மொனிட்டரை கப்பலில் வந்த பெட்டியோடு சேர்த்து அனுப்பினார். மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. எச்.டி.எம்.ஐ வயரைக் கொழுவியவுடன் படம் வந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

முதல் நாளிலேயே முகங்கள் அகன்று தெரிந்தன. ஸ்கேன் செய்த செயலிதான் படத்தை இழுத்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு படத்தையும் திறந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை அகலத்தைக் குறைத்தேன். ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அப்படியே சேமித்தேன். 41 படங்கள்.

உண்மையில் படங்களில் எந்தக் குறையும் இருக்கவில்லை. திரைதான் அவற்றை இழுத்துக் காட்டியது. நான் திரையின் பிழையைப் படத்தில் திருத்தியிருக்கிறேன்.

திரை ஏன் இழுத்துக் காட்டுகிறது?

கணினித் திரை என்பது வரிசையாக அடுக்கப்பட்ட சிறு புள்ளிகள். அவற்றைத்தான் பிக்சல் என்கிறோம். குறுக்காக எத்தனை, நெடுக்காக எத்தனை என்ற கணக்குத்தான் ரெசலூஷன். பாடப்புத்தகத்தில் பிரிதிறன் என்று படித்திருப்போம்.

சாதாரணத் திரைகளின் வடிவம் 16க்கு 9. அதாவது 1920×1080 அல்லது 2560×1440. மலிவான பழைய மடிக்கணினிகளில் 1366×768 இருக்கும். அதுவும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். அகல மொனிட்டர்களை 21க்கு 9 என்று சொல்லி விற்கிறார்கள். அவற்றில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு அளவுகள்: 2560×1080, 3440×1440. என்னிடம் வந்தது இரண்டாவது வகை. குறுக்காக 3440 புள்ளிகள், நெடுக்காக 1440. மொத்தம் ஏறக்குறைய 50 இலட்சம் புள்ளிகள். 1920×1080 திரை ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 21 இலட்சம்தான்.

இப்போது கணினி 16க்கு 9 வடிவப் படத்தை அனுப்புகிறது. திரையோ அதைவிட அகலமானது. திரைக்கு இரண்டு வழிகள் உண்டு. படத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கறுப்பாக விடலாம். அல்லது படத்தை இழுத்து முழுத் திரையையும் நிரப்பலாம். என் மொனிட்டர் இரண்டாவதைச் செய்தது. 2560 புள்ளி அகலத்தில் இருக்க வேண்டிய படம் 3440 வரை இழுபட்டால், அது 34 சதவீதம் அகன்றுவிடுகிறது. எழுத்துக்களும் ஐகன்களும் கூடத்தான் அகன்றன. பெரிய திரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் அடிமட்டத்தை எடுங்கள்

கண்ணை நம்பக்கூடாது என்பது நான் படித்த முதல் பாடம். சில நாட்கள் பார்த்தால் இழுபட்ட படமும் சரியானதாகப் பழகிவிடும். அளந்து பார்க்கலாம்.

பெயின்ட் போன்ற சாதாரண வரைதல் செயலியில் 500×500 அளவில் ஒரு புதிய படம் திறந்து, அதை முழுவதும் ஒரே நிறத்தால் நிரப்புங்கள். அது சதுரம். திரையில் அடிமட்டத்தை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் 10 சென்ரிமீற்றர் இருக்க, அகலம் 13.4 வந்தால், 16க்கு 9 படம் அகலத் திரையில் இழுபடுகிறது என்று அர்த்தம். பாடசாலை அடிமட்டம் போதும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் அந்த அம்மா அன்று அப்படியொரு படத்தைப் பார்க்க வேண்டி வந்திருக்காது.

ஒழுங்காகச் சரிபார்த்தல்

இழுபடுகிறது என்று தெரிந்தால் கண்டபடி அமுக்கிப் பார்க்காமல், ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் போன ஒழுங்கு இது.

*ஒன்று: இரண்டு திரையும் ஒரே படத்தைக் காட்டுகின்றனவா?*

மடிக்கணினியோடு வெளித்திரையைக் கொழுவினால், பல வேளைகளில் மடிக்கணினியில் தெரிவதே அங்கும் தெரியும். விண்டோசில் இதன் பெயர் டூப்ளிகேட். இந்த நிலையில் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரே அளவைத்தான் கணினி அனுப்பும். என் மடிக்கணினித் திரை 1366×768. ஆகவே பெரிய மொனிட்டருக்கும் அதுவே போய்க்கொண்டிருந்தது. விண்டோஸ் விசையை அமுக்கிக்கொண்டு பி என்ற ஆங்கில எழுத்து விசையை அமுக்கினால் நான்கு தெரிவுகள் வரும். அதில் எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி என்பதைத் தெரியுங்கள். அதன் பின்னரே பெரிய திரைக்கென்று தனியான அளவைத் தெரிவுசெய்ய முடியும்.

*இரண்டு: பட்டியலில் சரியான அளவு இருக்கிறதா?*

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய், மேலே இருக்கும் இரண்டு பெட்டிகளில் வெளித்திரைக்குரிய பெட்டியை அமுக்கிவிட்டு, கீழே டிஸ்பிளே ரெசலூஷன் பட்டியலைத் திறவுங்கள். ரெக்கமெண்டட் என்று குறிக்கப்பட்ட அளவு, மொனிட்டரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ உள்ள அளவோடு பொருந்த வேண்டும். அதே பக்கத்தில் அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்பதையும் திறந்து பாருங்கள். விண்டோஸ் தன் மேசைத்தளத்துக்குப் பாவிக்கும் அளவும், வயர் வழியாக உண்மையில் அனுப்பும் அளவும் அங்கே தனித்தனியாக இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால், இடையில் படம் மாற்றப்படுகிறது.

எனக்கு டூப்ளிகேட்டை மாற்றிய பிறகும் 1920×1080 வரைதான் பட்டியல் காட்டியது. 3440 அதில் இல்லை.

*மூன்று: இடையில் ஏதாவது கொழுவியிருக்கிறதா?*

ஒவ்வொரு மொனிட்டருக்குள்ளும் அதன் விபரங்கள் அடங்கிய ஒரு சிறு தரவு இருக்கிறது. ஈ.டி.ஐ.டி என்பார்கள். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். என்னைத் தயாரித்தவர் யார், என்னால் எந்த அளவுகளைக் காட்ட முடியும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். வயரைக் கொழுவியதும் கணினி முதலில் இதைத்தான் வாசிக்கும். ஒரு அடையாள அட்டை மாதிரி.

நான் மொனிட்டரை நேராகக் கொழுவவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரீ.வியிலும் படங்களைக் காட்டுவதற்காக, ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஸ்பிளிட்டர் ஒன்றை இடையில் வைத்திருந்தேன். அது மொனிட்டரின் அட்டையைக் கொடுக்காமல் ரீ.விக்குப் பொருந்தும் 1920×1080 என்ற அட்டையைக் கணினிக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி நேராகக் கொழுவியவுடன் பட்டியலில் 3440×1440 வந்துவிட்டது. ஸ்பிளிட்டர், சுவிட்ச் பெட்டி, மலிவான டொக், வயரை மாற்றும் அடப்டர் எதுவானாலும் முதலில் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

*நான்கு: மொனிட்டரின் சொந்த மெனு*

திரையின் கீழே அல்லது பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கினால் மொனிட்டரின் சொந்த மெனு வரும். அங்கே மூன்று விடயங்களைப் பாருங்கள். படத்தின் வடிவம் பற்றிய தெரிவு: முழுத்திரை, அகலம் என்பவை இழுக்கும், ஒரிஜினல், ஒன்றுக்கு ஒன்று என்பவை இழுக்காது. அடுத்தது, திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு கணினிகளைக் காட்டும் பி.பி.பி வசதி. முன்பு பாவித்தவர் இதைப் போட்டுவிட்டிருந்தால் உங்கள் படம் பாதித் திரையில்தான் வரும். மூன்றாவது, சில மொனிட்டர்களில் எச்.டி.எம்.ஐ அல்லது டிஸ்பிளே போர்ட்டின் பதிப்பு எண்ணை அங்கேயே தெரியலாம். பழைய எண்ணில் இருந்தால் பெரிய அளவுகள் பட்டியலில் வராமல் போகலாம். ஒன்றும் விளங்காவிட்டால் ரீசெட் என்பதை அமுக்குங்கள். பாவித்த பொருளுக்கு இது நல்ல ஆரம்பம்.

*ஐந்து: டிரைவர்*

கணினிக்கு அண்மையில் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் டிவைஸ் மனேஜரைத் திறந்து டிஸ்பிளே அடப்டர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்று இருந்தால், உங்கள் கணினியின் சொந்த கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் போடப்படவில்லை. அந்த நிலையில் அகலத் திரைக்கான அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மொடலுக்குரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

*ஆறு: வயரும் துவாரமும்*

3440×1440 அளவை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்க வேண்டுமென்றால், படத்துக்கு மட்டும் செக்கனுக்கு ஏறக்குறைய 7.1 கிகாபிட் தரவு போக வேண்டும். எச்.டி.எம்.ஐ 1.4 பதிப்பு படத்துக்காகக் கொண்டுபோகக்கூடியது அதிகபட்சம் 8.16 கிகாபிட். இடைவெளித் தரவையும் சேர்த்தால் மட்டுமட்டாகத்தான் கொள்ளும். அதனால் பழைய மடிக்கணினிகள் சில இந்த அளவை 30 தடவையில் மட்டுமே தரும். சில 50இல் நிற்கும். எச்.டி.எம்.ஐ 2.0, டிஸ்பிளே போர்ட் 1.2 ஆகியவற்றுக்கு இது பிரச்சினையில்லை. உங்கள் கணினியில் டிஸ்பிளே போர்ட் துவாரம் இருந்தால் அதையே பாவியுங்கள். டைப் சி துவாரம் இருந்தால் மட்டும் போதாது. எல்லா டைப் சி துவாரங்களும் படத்தை அனுப்புவதில்லை. வாங்குவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

முழு அளவு கிடைக்காவிட்டால்

என் மடிக்கணினி 3440×1440 அளவை 30 தடவையில் தந்தது. மவுஸ் அசைவதில் சிறு தயக்கம் தெரியும். புகைப்பட வேலைக்கும் எழுதுவதற்கும் அது போதும். காணொளி வெட்டும்போது கண்ணுக்குச் சங்கடமாக இருந்தது. அந்த நேரங்களில் நான் 2560×1080 என்ற அளவுக்கு மாறிக்கொள்கிறேன். படம் கொஞ்சம் மெதுமையாகத் தெரியும். ஆனால் வடிவம் மாறாது. 3440ஐ 1440ஆல் பிரித்தால் 2.39, 2560ஐ 1080ஆல் பிரித்தால் 2.37. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முகம் முகமாகவே இருக்கும்.

அதுவும் கிடைக்காவிட்டால் 1920×1080 அளவையே வைத்துக்கொண்டு, இழுக்காதே என்று மொனிட்டரின் மெனுவில் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். பணம் கொடுத்து வாங்கிய இடம் வீணாகிறதே என்று அதை நிரப்பப் போகவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரியான அளவு வந்ததும் எழுத்துக்கள் சிறிதாகத் தெரியலாம். 34 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 110 புள்ளிகள். வாசிக்கக் கஷ்டம் என்று பலர் மறுபடியும் ரெசலூஷனைக் குறைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் அதே பக்கத்தில் இருக்கும் ஸ்கேல் என்பதை 125 சதவீதமாக்குங்கள். எழுத்து பெரிதாகும், படம் கெடாது.

படத்தைத் தொடுவதற்கு முன்

திரையைச் சரிசெய்வது ஒரு மாலை வேலையாக இருந்தது. படங்களைச் சரிசெய்யத்தான் அதிக நாட்கள் எடுத்தன. ஒரு படத்தின் அகலத்தைக் கால் பங்கு குறைத்துச் சேமித்தால், அந்தளவு விபரம் அதிலிருந்து போய்விடுகிறது. திரும்ப இழுத்தால் அகலம் வரும். போன விபரம் வராது. கணினி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். ஊகித்து நிரப்பிய ஒரு முகத்தை அந்தக் குடும்பங்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்லவேளையாக 39 படங்களின் முதல் ஸ்கேன் நண்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இரண்டு படங்களுக்கு இருக்கவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் திரும்பப் போய், விடயத்தைச் சொல்லி, படத்தை மறுபடியும் தரும்படி கேட்டேன். ஒரு வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துத் தந்தார்கள். எதுவும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நாங்கள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். ஸ்கேன் செய்த முதல் கோப்பை யாரும் திறந்து சேமிப்பதில்லை. அதை வாசிக்க மட்டும் என்று மாற்றி, இரண்டு இடங்களில் வைக்கிறோம். வேலை எல்லாம் பிரதியில்தான். படத்தின் அளவை மாற்ற வேண்டி வந்தால் அகலமும் உயரமும் சேர்ந்து மாறும்படி பூட்டிவிட்டே மாற்றுகிறோம். கடதாசிப் படத்தை ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து எடுக்கிறோம். வடிவம் பற்றிச் சந்தேகம் வந்தால், கோப்பின் பண்புகளில் உள்ள புள்ளிக் கணக்கைப் பார்க்கிறோம். திரை எப்படிக் காட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள கடவுச்சீட்டுப் படத்தின் ஸ்கேனில் அகலத்தை உயரத்தால் பிரித்தால் 0.78 வர வேண்டும். நான் குறைத்துக் கெடுத்த கோப்புகளில் 0.58 வந்தது. கணக்கு அன்றைக்கே அங்கே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இவை நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் போகக்கூடிய படங்கள். பதினைந்து வருடங்களுக்கும் மேலாக இந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு விசாரணைக்கும் கொண்டுபோகும் ஆவணம் இதுதான். இவர் யார் என்று கேட்பவருக்குக் காட்ட அவர்களிடம் இருப்பதும் இந்த முகம்தான். அதை ஒரு வயருக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவில் தொலைத்துவிடக் கூடாது.

ஓகஸ்ட் 29 இரவு புதிய பிரதிகள் வந்தன. மறுநாள் விடியற்காலையில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அச்சகத்தில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று முதலில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அட்டையை வாங்கி முன்புபோலத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப சரி பிள்ளை" என்றார். பிறகு சீலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்துவிட்டு, வாகனம் வந்துவிட்டதா என்று கேட்டார்.